மதிப்பெண்ணைக் காட்டி அந்தப் பெண்களின் கவுன்சலிங்கை நிறுத்தாதீர்கள்

சிறார் இல்லத்தின் நிர்வாகக் குழுவுக்கும், அங்கே பெண்களைப் பற்றிய மதிப்பீட்டு அறிக்கைகளை எழுதும் உளவியலாளர்களுக்கும்,

சைக்கோபதி (குற்றவுணர்வும் இரக்கமும் இல்லாத மனப்போக்கு) பண்புகளுக்கான மதிப்பீட்டில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் மதிப்பெண் எடுத்த பெண்களை இனி குழு கவுன்சலிங்கில் சேர்க்க வேண்டாம், அவர்களைத் தனிப் பகுதிக்கு மாற்றுங்கள், நீதிமன்றத்துக்குப் போகும் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அந்த மதிப்பெண்ணை எழுதுங்கள் என்று நீங்கள் எடுத்திருக்கும் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. அதே இல்லத்தில் பல வருடங்களாகப் பாடம் எடுக்கிறவள் நான். இந்த முடிவு யார் யாரைத் தொடும் என்று எனக்கு ஒவ்வொரு முகமாகத் தெரியும். "சிகிச்சையால் பலன் பெறாதவர்கள்" என்று உங்கள் சுற்றறிக்கையில் ஒரு வரி இருக்கிறது. அதற்கு என்ன ஆதாரம் என்று எழுதிக் கேட்டேன், பதில் வரவில்லை. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

எல்லாப் பெண்களும் அப்பாவிகள், சைக்கோபதி பண்பு என்பதே கட்டுக்கதை என்று வாதாட நான் வரவில்லை. அவர்களோடு நாள் முழுக்க வகுப்பில் இருக்கிறவள் அப்படிச் சொல்ல முடியாது. புதிதாக வந்த சின்னப் பெண் ஒருத்தியைச் சில நாட்களிலேயே தனக்கு எடுபிடியாக ஆக்கிக்கொண்டவளைப் பார்த்திருக்கிறேன். கூடப் படிப்பவளின் விரல்களைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கிவிட்டு, கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காததுபோல வந்து கணக்கில் சந்தேகம் கேட்டவளையும் பார்த்திருக்கிறேன். விரல் நசுங்கியவளும் நம் இல்லத்துப் பெண்தான், அவளைக் காப்பாற்றுவது உங்கள் கடமை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. செய்ததற்கு வருந்தாமை, அடுத்தவர் வலி உறைக்காமை, சரளமான பொய், மேலோட்டமான உணர்ச்சி, இவை சில வளரிளம் பெண்களிடம் நிஜமாகவே இருக்கின்றன. இதைக் கண்டபிறகு என்ன செய்வது என்பதில்தான் நான் உங்களோடு முரண்படுகிறேன்.

அந்த மதிப்பெண் நம் இல்லத்தில் எப்படி உருவாகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். ஒரு பெண் வந்து சேர்ந்த முதல் வாரத்திலேயே, அலுவலக அறையில், வார்டன் எதிரே உட்கார்ந்திருக்க, ஐம்பது வாக்கியங்கள் அடங்கிய தாள் அவள் கையில் கொடுக்கப்படுகிறது. ஒவ்வொரு வாக்கியமும் தனக்கு எவ்வளவு பொருந்தும் என்று அவள் குறிக்க வேண்டும். அந்த வாரம் அவளுக்குச் சரியான தூக்கம் கிடையாது, வீட்டில் யாரும் போனை எடுப்பதில்லை, பக்கத்துப் படுக்கையில் இருப்பவள் எப்படிப்பட்டவள் என்று தெரியாது. வாசிக்கத் திணறுகிற பெண்கள் பல வாக்கியங்களைப் புரியாமலே குறிக்கிறார்கள். "அந்தப் பேப்பர்ல என்ன டீச்சர் கேட்டிருந்தாங்க?" என்று பிறகு என்னிடம் வந்து கேட்டவர்கள் உண்டு. நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்களோ, பயம், அழுகை பற்றிய வாக்கியம் எது வந்தாலும் தங்களுக்கு அதெல்லாம் கிடையாது என்றுதான் குறிப்பார்கள், ஏனென்றால் வந்த புதிதில் பயந்தவளாகத் தெரிந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இப்படிக் கிடைத்த எண்ணைத்தான் நீங்கள் நீதிமன்றம் வரைக்கும் அனுப்புகிறீர்கள்.

இத்தகைய சுயமதிப்பீட்டுத் தாள்களில் அதிகம் பயன்படும் ஒன்று 2002-இல் ஸ்வீடனில் உருவானது. ஆராய்ச்சிக்காக உருவாக்கியது அது, ஒரு பெண்ணை எந்த அறையில் பூட்டுவது என்று முடிவு செய்வதற்கு அல்ல. கனடாவின் உளவியலாளர் ராபர்ட் ஹேரும் அவருடைய சகாக்களும் 2003-இல் வெளியிட்ட சைக்கோபதி பட்டியலின் இளையோர் பதிப்பு இன்னும் கறாரானது: 12 முதல் 18 வயது வரையானவர்களுக்கு 20 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2, மொத்தம் 40. பயிற்சி பெற்ற ஒருவர் அந்தப் பிள்ளையோடு விரிவாகப் பேசி, கோப்புகளையும் மற்றவர்கள் சொல்வதையும் ஒத்துப் பார்த்துத்தான் அதைப் போட முடியும். அப்படிப் போட்டபிறகும், வளரும் வயதில் இருப்பவர்களை சைக்கோபாத் என்று முத்திரை குத்தாதீர்கள் என்று அதை உருவாக்கியவர்களே எச்சரித்திருக்கிறார்கள். மனநலக் கோளாறுகளை வரையறுக்க அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013-இல் கொண்டுவந்த டிஎஸ்எம்-5 கையேடும் நடத்தைக் கோளாறோடு சேர்த்து இதே பண்புகளைப் பற்றிப் பேசுகிறது. குற்றவுணர்வின்மை, இரக்கமின்மை, படிப்பிலோ வேலையிலோ அக்கறையின்மை, ஆழமில்லாத உணர்ச்சி ஆகிய நான்கில் இரண்டாவது குறைந்தது 12 மாதங்களாக, பல இடங்களில், பல உறவுகளில் தெரிய வேண்டும், அவளை நீண்டகாலமாக அறிந்தவர்களையும் கேட்க வேண்டும் என்கிறது. வந்த முதல் வாரத்தில் அவளை நீண்டகாலமாக அறிந்தவர் நம் இல்லத்தில் யார் இருக்கிறார்கள்?

வயதையும் மறந்துவிடாதீர்கள். யோசிக்காமல் செய்வது, சாகசத்துக்கு அலைவது, தன்னைத் தவிர உலகமே இல்லை என்பதுபோல நடப்பது, செய்ததற்குப் பொறுப்பேற்காமல் பழியை வேறு எங்கோ தள்ளுவது, இதெல்லாம் பதினைந்து வயதில் எந்த வீட்டிலும் கொஞ்சமாவது தென்படும். இதில் எது வயதுக் கோளாறு, எது ஊறிப்போன குணம் என்று ஒரே தடவை பார்த்துப் பிரிக்க முடியாது என்று இளையோர் நீதித் துறையில் வேலை செய்த ஆய்வாளர்கள் 2002 வாக்கிலேயே எழுதிவிட்டார்கள். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரப் பையன்களை 13 வயதிலும் மறுபடி 24 வயதிலும் அளந்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு அளவீடுகளுக்கும் இடையிலான தொடர்பு 0.31 தான் (முழுமையாக ஒத்துப்போனால் 1 இருக்கும்). தொடர்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒரு தனிப் பிள்ளையின் எதிர்காலத்தை யாரும் எழுதிவிட முடியாது. அதுவும் பையன்களை வைத்துச் செய்த ஆய்வு. ஹேரின் மூலப் பட்டியலே சிறையில் இருந்த வளர்ந்த ஆண்களைப் பார்த்து உருவானது என்பதை உங்கள் உளவியலாளர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும் (யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). உங்கள் தாளில் இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்.

முதலாமவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பயம் என்றால் என்னவென்று தெரியாது. உயரமான சுவரின்மேல் நடப்பாள், பெரியவர்கள் மிரட்டினால் வேடிக்கை பார்ப்பாள், தண்டனை கொடுத்தால் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு மறுநாள் அதையே செய்வாள். படுத்தால் நிம்மதியாகத் தூங்குவாள். கூட இருப்பவள் அழும்போது இவள் முகத்தில் தெரிவது வெறுப்புகூட இல்லை, இவள் ஏன் அழுகிறாள் என்கிற குழப்பம்தான்.

இரண்டாமவளும் அழமாட்டாள், அடுத்தவர் அழுதாலும் திரும்பிப் பார்க்கமாட்டாள், சரியான அழுத்தக்காரி என்று காப்பாளர்கள் சொல்வார்கள். ஆனால் கதவு படாரென்று சாத்தினால் அவளுக்கு உடம்பு தூக்கிப்போடும். வகுப்பில் சுவருக்கு முதுகைக் கொடுத்து, வாசலைப் பார்த்தபடிதான் உட்காருவாள். நடுராத்திரியில் அலறிக்கொண்டு எழுவாள் என்று அறையில் இருப்பவர்கள் சொன்னார்கள். வீட்டுக்குள்ளேயே, நம்பியிருந்த ஒருவனால் வருடக்கணக்கில் சிதைக்கப்பட்டவள், அதை வாய்விட்டுச் சொன்னபோது பெற்ற தாயே நம்பவில்லை. அதற்கப்புறம்தான் வீட்டை விட்டு ஓடியது, திருடியது, கத்தியை எடுத்தது எல்லாம். "அழுது என்ன டீச்சர் ஆகப்போகுது?" என்று ஒருநாள் கேட்டாள், குரலில் ஒரு ஏற்ற இறக்கமும் இல்லை. அவளுடைய அறிக்கையில் "வருத்தம் காட்டவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் எதையுமே காட்டாமல் இருக்கப் பழகிக்கொண்டவள். காட்டியபோதெல்லாம் அது அவளுக்கு எதிராகவே திரும்பியிருக்கிறது.

இந்த வேறுபாடு என் கண்டுபிடிப்பு இல்லை. பென் கார்ப்மன் என்ற மனநல மருத்துவர் 1941-லேயே, வெளியே ஒன்றுபோலத் தெரியும் இந்த நடத்தைக்குள் இரண்டு வகை இருக்கிறது என்று எழுதினார். ஒன்று பிறவியிலேயே பயமும் பதற்றமும் குறைவான சுபாவத்தில் வேர்கொண்டது, இன்னொன்று பட்ட காயங்களால் விளைந்தது, அடியில் பதற்றம் கொதித்துக்கொண்டிருப்பது. தாங்க முடியாத கொடுமைக்கு ஆளாகும் பிள்ளை தன் உணர்வை மரத்துப்போகச் செய்து தப்பிக்கிறது, அந்த மரத்துப்போன நிலையைப் பார்ப்பவர்கள் ஈரமில்லாத நெஞ்சு என்று படித்துவிடுகிறார்கள் என்று 1996-இல் உளவியலாளர் ஸ்டீஃபன் போர்ட்டர் எழுதினார், பின்னால் வந்த பல ஆய்வாளர்களும் இதை விரிவாக்கினார்கள். இரண்டாம் வகைக்கு வேண்டியது மனக்காயத்துக்கான சிகிச்சை. நீங்களோ அவளைத் தனிப் பகுதிக்கு அனுப்பி, ராத்திரி அலறினால் கேட்பதற்கும் ஆளில்லாமல் செய்துவிட்டீர்கள்.

சரி, முதலாமவள்? அவள்தான் நிஜமான சைக்கோபதி சுபாவம், அவளையாவது ஒதுக்கலாமே என்று கேட்பீர்கள். அவளுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

சுபாவம் என்பது ஒரு பிள்ளை கொண்டுவருகிற மூலதனம். மனநல மருத்துவர் ராபர்ட் குளோனிஞ்சர் அதை நான்கு இழைகளாகப் பிரித்தார்: புதியதைத் தேடும் துடிப்பு, ஆபத்தைக் கண்டு ஒதுங்கும் இயல்பு, பிறர் அன்புக்கும் பாராட்டுக்கும் இளகும் தன்மை, விடாப்பிடி. முதலாவது மிகையாகவும் அடுத்த இரண்டும் குறைவாகவும் இருக்கும் பிள்ளைகளிடம்தான் சைக்கோபதி சாயல் அதிகம் தென்படுகிறது. ஆனால் அவரே சுபாவத்தைக் குணத்திலிருந்து தனியாகப் பிரித்துவைத்தார், பொறுப்பும் ஒத்துழைப்பும் வளர வளர உருவாகிறவை என்று. உளவியலாளர் கிராஸினா கோச்சான்ஸ்கா சின்னக் குழந்தைகளிடம் செய்த ஆய்வுகள் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகின்றன. பயந்த சுபாவமுள்ள குழந்தைக்கு மென்மையான கண்டிப்பே போதும், தப்பு செய்தால் மனம் உறுத்தும், மனசாட்சி அந்த வழியாக வளர்கிறது. பயமில்லாத குழந்தையிடம் அந்த வழி வேலை செய்வதில்லை. அதற்காக மனசாட்சி வளராமல் போவதும் இல்லை, பெரியவரோடு அதற்கு இருக்கும் நெருக்கத்தின் வழியாக, அவரோடு சேர்ந்து இருப்பதில் கிடைக்கும் சந்தோஷத்தின் வழியாக வளர்கிறது. தண்டனைக்கு அசையாத இந்தப் பிள்ளைகள் வெகுமதிக்கு அசைகிறார்கள் என்று 2005-இல் ஆஸ்திரேலியாவில் ஹாஸ், டாட்ஸ் என்ற ஆய்வாளர்கள் சின்னப் பையன்களிடம் கண்டார்கள். தனியாக உட்காரவைக்கும் தண்டனை அவர்களிடம் அவ்வளவாக எடுபடவில்லை, நல்ல நடத்தையைப் பாராட்டி வெகுமதி கொடுப்பது மற்றப் பிள்ளைகளிடம்போலவே பலித்தது.

இதை என் கண்ணாலும் பார்த்தேன். புள்ளிகளைக் குறைத்து, சலுகைகளைப் பிடுங்கி நடத்தும் நம் இல்லத்து முறை முதலாமவளை இம்மியும் நகர்த்தவில்லை. நூலகப் பதிவேட்டை அவள் பொறுப்பில் விட்டோம், ஒழுங்காக நடந்த ஒவ்வொரு நாளுக்கும் அன்றைக்கே ஒரு பலன் கிடைக்கும்படி செய்தோம், ஒரே ஆசிரியை தினமும் சில நிமிடங்கள் அவளோடு பேசும்படி ஏற்பாடு செய்தோம். அவள் புத்தராக மாறிவிடவில்லை. இன்றைக்கும் பொய் சொல்வாள், இன்றைக்கும் அடுத்தவள் அழுதால் அவளுக்குப் புரிவதில்லை. ஆனால் கை நீட்டுவது குறைந்தது, புத்தகத்தைக் கிழித்த ஒருத்தியை அடிப்பதற்குப் பதிலாக என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தாள். அவள் அடித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அவர்களையே கேட்டுப் பாருங்கள். உங்கள் சுற்றறிக்கை வந்த பிறகு நூலகப் பொறுப்பு போய்விட்டது, அவள் பூட்டிய பகுதியில் இருக்கிறாள், போன வாரம் அங்கே ஒருத்தியின் உதடு கிழிந்தது.

"பலன் பெறாதவர்கள்" என்ற வரிக்கு வருகிறேன். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மெண்டோட்டா இளையோர் சிகிச்சை மையம் 1995-இல் தொடங்கியது. மற்ற சீர்திருத்த இல்லங்களால் சமாளிக்க முடியாமல் அனுப்பப்பட்ட, வன்முறையில் ஊறிய பையன்களுக்கான இடம் அது. தண்டனை, எதிர்ப்பு, அதற்கு மேல் தண்டனை என்று இறுகிக்கொண்டே போகும் முடிச்சைத் தளர்த்துவதுதான் அவர்கள் முறை. சைக்கோபதி மதிப்பெண் அதிகமாக இருந்த பையன்களை மட்டும் எடுத்து 2006-இல் வெளியான ஆய்வில், அங்கே சிகிச்சை பெற்றவர்கள் வெளியே போன 2 ஆண்டுகளுக்குள் மறுபடி வன்முறைக் குற்றம் செய்யும் வாய்ப்பு, வழக்கமான இல்லத்தில் இருந்தவர்களோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ பாதியாக இருந்தது. நீங்கள் கைகழுவும் அதே மதிப்பெண்காரர்கள்தான். பெண்களைப் பற்றிக் கேட்டால், ஓரிகன் மாநிலத்தில் பலமுறை குற்றங்களில் சிக்கிய பெண்களைக் குழு இல்லத்துக்குப் பதிலாகப் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களில் வைத்துப் பார்த்தார்கள். 81 பெண்களைக் கொண்டு 2005-இல் வெளியான அந்த ஆய்வில், அப்படி வளர்ந்தவர்கள் பிறகு பூட்டிய இடங்களில் கழித்த நாட்கள் குறைந்தன.

பெண்களிடம் அந்த மதிப்பெண் எதிர்காலத்தைச் சொல்கிறதா என்றே தேடிப் பார்த்திருக்கிறார்கள். நீதி அமைப்புக்குள் வந்த வளரிளம் பெண்களை ஆராய்ந்து ஓட்ஜர்ஸும் சகாக்களும் 2005-இல் வெளியிட்டதில், மறுபடி குற்றம் செய்வார்களா என்பதை சைக்கோபதி மதிப்பெண் காட்டவில்லை, அவர்கள் அனுபவித்த கொடுமைகள்தான் காட்டின. சிகாகோவை உள்ளடக்கிய குக் கவுண்ட்டியில் காவலில் இருந்த சிறார்களை ஆராய்ந்த லிண்டா டெப்ளின் குழு 2002-இல் சொன்னது, பெண்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கு ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருந்தது, பையன்களைவிட அதிகம். நம் இல்லத்தில் மனச்சோர்வுக்கோ மனக்காயத்துக்கோ எந்தப் பரிசோதனையும் கிடையாது. முதல் வாரத்தில் நாம் அளப்பது இந்த ஒன்றை மட்டும். பெண்களிடம் இந்தப் பண்பு அடிதடியாக வெளிப்படாமல், தோழமையைப் பறிப்பது, வதந்தி கிளப்புவது, ஒருத்தியை எல்லோருமாக ஒதுக்குவது என்று வெளிப்படுவதும் உண்டு. அதை உங்கள் சம்பவப் பதிவேடு பிடிப்பதே இல்லை என்பதால், அமைதியாக அடுத்தவளை அழிப்பவள் குறைந்த மதிப்பெண்ணோடு பொதுப் பகுதியில் இருக்கிறாள், பயந்து கத்தியவள் பூட்டுக்குள் இருக்கிறாள்.

தனி அறை பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. சுதந்திரம் பறிக்கப்பட்ட சிறார்களுக்காக ஐ.நா. பொதுச்சபை 1990-இல் ஏற்ற விதிகள், தனிமைச் சிறையை ஒழுங்கு நடவடிக்கையாகப் பயன்படுத்துவதை நேரடியாகவே தடை செய்கின்றன. அதற்கு "சிறப்புப் பகுதி" என்று பெயர் வைத்தாலும் உள்ளே இருக்கும் பதினாறு வயதுப் பெண்ணுக்கு அது தனிமைச் சிறைதான்.

நான் கேட்பவை இவை. அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள், நீக்கப்பட்ட பெண்கள் அனைவரையும் கவுன்சலிங்கில் மறுபடி சேருங்கள். குழுவில் இருந்தால் மற்றவர்களுக்கு ஆபத்து என்று தோன்றுகிற பெண்ணுக்குத் தனி கவுன்சலிங் கொடுங்கள், ஒன்றுமே கொடுக்காமல் விடாதீர்கள். நீதிமன்றத்துக்கு ஏற்கனவே போய்விட்ட அறிக்கைகளில், அந்த எண் முதல் வாரத்துச் சுயமதிப்பீட்டில் கிடைத்தது, வருங்காலத்தைக் கணிக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்று திருத்தக் கடிதம் அனுப்புங்கள், இனி வரும் அறிக்கைகளில் அதை எழுதவே வேண்டாம். அளக்கத்தான் வேண்டுமென்றால், அவள் ஓரளவு நிலைகொண்ட பிறகு, பயிற்சி பெற்றவர், வார்டன் இல்லாத அறையில், ஆசிரியர்களையும் குடும்பத்தாரையும் கேட்டு அளக்கட்டும். மனக்காயம், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் ஆகியவற்றுக்கான பரிசோதனை அதற்கு முன்னால் நடக்கட்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பார்க்கட்டும். அவளைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்கே வாசித்துக் காட்டி, அவள் சொல்லும் பதிலையும் அதே தாளில் சேருங்கள்.

அடிபடும் பெண்களைப் பாதுகாக்க இரவு நேரக் காப்பாளர்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், இப்போது ஒரு தளத்துக்கு ஒருவர் என்பது யாரையும் காப்பாற்றப் போதாது. புள்ளி குறைக்கும் முறையை நிறுத்தி, அன்றன்றைக்கே பலன் தெரியும் வெகுமதி முறையைக் கொண்டுவாருங்கள், அதை நடத்தக் காப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். ஒவ்வொரு பெண்ணுக்கும் மாறாத ஒரு பெரியவரைப் பொறுப்பாக்குங்கள், பணி மாற்றம் என்ற பெயரில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவரைத் தூக்கி வேறு இடத்தில் போடாதீர்கள்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், மறுப்பதற்கு என்ன ஆதாரம் என்று உங்கள் அடுத்த மறுஆய்வுக் கூட்டத்துக்கு முன் எழுத்தில் சொல்லுங்கள். அந்தக் கூட்டத்தில் ஆசிரியர்கள் சார்பில் ஒருவர் பேச இடம் கொடுங்கள். தனிப் பகுதியில் இருக்கும் பெண்களின் கோப்புகளை வெளியிலிருந்து ஒரு மனநல மருத்துவர் வந்து பார்க்கட்டும், அதற்கான தேதியை இந்த மாதத்துக்குள் அறிவியுங்கள்.

இப்படிக்கு,
இல்லத்தின் ஆசிரியைகளில் ஒருத்தி